ஒரே கம்பெனி மடக்குக் கத்தி: ஓப்பினெல்ல எதெல்லாம் கட்டாயம் வேணும்?

கல்மண்டபம்34:

எல்லாருக்கும் வணக்கம். நான் ராயபுரம், கல்மண்டபம் பக்கம். ஒரு கன்டெய்னர் யார்டுல டாலி கிளார்க். கத்தியப் பத்தி எனக்கு அ, ஆ கூடத் தெரியாது. இந்த ஒரு மாசமாத்தான் இப்படி ஒரு கிறுக்கு.

காரணம் எங்க மாமா. அம்மாவோட கூடப் பொறந்த தம்பி. இருபத்தெட்டு வருஷம் கப்பல்ல இன்ஜின் ரூம்ல இருந்தவர். மாசி மாசம் தவறிட்டார். காரியமெல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு அத்தை அவரோட டிரங்குப் பெட்டியத் திறந்து, "உனக்கு எது வேணுமோ எடுத்துக்கடா"ன்னாங்க. கம்பளி, ரெண்டு கைக்கடிகாரம், ஒரு கட்டு வெளிநாட்டு நாணயம். எல்லாத்துக்கும் அடியில பனியன் துணியில சுத்தின ஒரு மடக்குக் கத்தி. மரப்பிடி, கழுத்துல ஒரு இரும்பு வளையம், பிளேடுல கிரீடம் வெச்ச ஒரு கை முத்திரை, ஓப்பினெல்னு பேரு. பிடியில 8-னு நம்பர். பிரான்ஸ்ல மார்சேல் துறைமுகத்துல வாங்கினதுன்னு அத்தை சொன்னாங்க. எனக்கு ஞாபகம் இருக்கறது ஒண்ணுதான்: லீவுல வந்தா வாசப்படியில உக்காந்து, மாம்பழத் தோல அறுந்து போகாம ஒரே நீளமாச் சுருட்டி எடுத்து எங்க கையில குடுப்பார்.

இப்போ விஷயம். இந்தக் கத்தியத் தனியா விட மனசு வரல. இதே கம்பெனியில இன்னும் நாலஞ்சு சேர்த்து ஒரு பிஸ்கட் டின்ல அடங்கற மாதிரி வெச்சுக்கலாம்னு ஆசை. ஒரு வருஷத்துல பத்தாயிரம் ரூபாய்க்கு மேல போகக் கூடாது. நெட்ல பாத்தா 2, 3, 4-னு 12 வரைக்கும் நம்பர் போகுது, நடுவுல ரம்பம், ஒயின் பாட்டில் திறக்கறதுன்னு ஏகப்பட்டது. வரிசையா எல்லாத்தையும் வாங்கணுமா, இல்ல எதெல்லாம் அவசியம்?

இன்னொண்ணு. மாமா கத்திய மூடினா திறக்க முடியல. ரெண்டு நகமும் பேந்துடும் போல இருக்கு. பிளேடுல செவப்புப் புள்ளி புள்ளியாத் துரு. வளையம் கத்தி திறந்திருந்தாத்தான் பூட்டுது, மூடினா பூட்டல. டூப்ளிகேட்டா?

வீட்டுக்காரம்மா இதுக்கே ஒரு மாதிரிப் பாக்கறா. "நம்ம ஏரியாவுல கத்தி சேக்கறான்னு வெளிய தெரிஞ்சா, உன்ன எங்கம்மா வீட்டுல இல்ல, வேற மாமியார் வீட்டுலதான் வந்து பாக்கணும்"ங்கறா.

பழைய_ஃபிட்டர்:

தம்பி, டூப்ளிகேட் இல்ல. வளையம் திறந்திருந்தா மட்டும் பூட்டுதுன்னு சொன்ன பாரு, அதுலயே அதோட வயசு தெரிஞ்சு போச்சு. அந்த வளையத்துக்கு விரோபிளாக்னு பேரு. 1955-ல அந்தக் கம்பெனிக் குடும்பத்து மார்செல் ஓப்பினெல் கொண்டு வந்தது. திறந்த கத்தி விரல் மேல மடங்கிடக் கூடாதுன்னுதான் அத அப்போ போட்டாங்க. மூடினாலும் பூட்டற மாதிரி மாத்தினது 2000-ல. உங்க மாமா கத்தி அந்த மாத்தத்துக்கு முந்தினது. பத்திரமா வெச்சுக்க.

நான் தண்டையார்பேட்டை. திருவொற்றியூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில 1983-ல டூல் ரூம் அப்ரன்டிஸா நுழைஞ்சு, ஃபிட்டராவே ரிட்டயர் ஆனவன். எனக்கு ஓப்பினெல் வந்த கதையும் உன்னுது மாதிரிதான், ஒரு மனுஷன் மூலமா வந்தது. 1991-ல புது மெஷின் நிறுத்த பிரான்ஸ்ல இருந்து ஒருத்தர் வந்து ரெண்டு மாசம் இருந்தார். மத்தியானம் நாங்க டிபன் பாக்ஸத் திறந்தா அவர் பாக்கெட்லேர்ந்து இந்தக் கத்திய எடுப்பார். ரொட்டி, தக்காளி, வாழப்பழம் எல்லாம் அதாலதான். வெட்டி முடிச்சுப் பேன்ட்லயே ஒரு துடை, மடக்கி உள்ள. ஊருக்குப் போற அன்னிக்கு அத எங்கிட்ட நீட்டினார். வாங்கப் போனா குடுக்கல, காசு குடுங்கறார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, இவ்வளவுதானா இந்த ஆளுன்னு. அப்புறம்தான் தெரிஞ்சது, கத்தியச் சும்மா குடுத்தா சிநேகிதம் அறுந்துடும்னு அவங்க ஊர்ல ஒரு நம்பிக்கை. பேருக்கு ஒரு காசு வாங்கிட்டா அது விலைக்கு வித்த கணக்கு. நாலணா குடுத்தேன். எங்கம்மாவும் கத்தியக் கைக்குக் கை தர மாட்டாங்க, கீழ வெச்சாத்தான் எடுக்கணும். அதனால எனக்கு அது டக்குனு புரிஞ்சு போச்சு.

இப்போ உன் கேள்வி. வரிசையா வாங்காத. நான் வாங்கினேன், அதனால சொல்றேன்.

ஓப்பினெல்ல நம்பர்னா சைஸ்தான், வேற மாடல் இல்ல. ஜோசஃப் ஓப்பினெல் 1890-ல பிரான்ஸ்ல சவ்வா மலைநாட்டுல இந்தக் கத்தியச் செஞ்சார். அப்பா கோடாலி, அரிவாள் அடிக்கற பட்டறைக்காரர். 1897-ல 1-லேர்ந்து 12 வரைக்கும் பன்னெண்டு சைஸ் போட்டாங்க. அப்புறம் 1930-கள்ல 1-ஐயும் 11-ஐயும் நிறுத்திட்டாங்க. 11-ஐ எடுத்ததுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல, 10-க்கும் 12-க்கும் நடுவுல அதுக்கு என்ன வேலை? ஆக 2-லேர்ந்து 12 வரை வாங்கினா உன்கிட்ட ஒரே கத்தி பத்து தடவ இருக்கும். அவ்வளவுதான். பத்தும் வரிசையா அடுக்கின மரப்பெட்டி ஒண்ணு விக்கறாங்க. பாக்க மேளக்காரங்க நாயனப் பெட்டி மாதிரி அம்சமா இருக்கும். அதுல மயங்கி ஒரு போனஸ் காசப் போட்டேன். பீரோ மேல வெச்சு வாரம் ஒரு தரம் திறந்து பாத்துக்கிட்டு இருந்தேன். 2015 டிசம்பர் மழையில வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. பெட்டி நனையல. ஆனா வீடு ஒரு மாசம் ஈரம் காயல. ஜனவரியில திறக்கறேன், பத்துல ஏழு பிளேடு செவந்து கிடக்கு. மரப்பெட்டி ஈரத்த உறிஞ்சி உள்ளயே வெச்சுக்கிட்டு இருந்திருக்கு. தினம் பாக்கெட்ல கிடந்த அந்த வெள்ளைக்காரர் கத்திக்கு ஒரு புள்ளி கூட இல்ல. கையில புழங்கற கத்தி துருப்பிடிக்காது, பூட்டி வெச்சதுதான் பிடிக்கும். நீ கேட்ட பிஸ்கட் டின் யோசனைக்கும் இதுதான் பதில். டின்ல வெய்யி, ஆனா மூடிய இறுக்கி மூடிட்டு மறந்துடாத.

என் கணக்குப்படி ஒவ்வொரு கத்தியும் வேற ஒரு விஷயத்தச் சொல்லணும். 8 கார்பன் ஸ்டீல், அதாவது துருப்பிடிக்கற எஃகு, உன்கிட்ட இருக்கு. 8.5 சென்டிமீட்டர் பிளேடு, கைக்கு அடங்கின அளவு. ஓப்பினெல்னாலே உலகத்துக்கு அதுதான் ஞாபகம் வரும். இன்னொரு 8 வாங்காத.

அடுத்து, அதே கத்தி ஸ்டெயின்லெஸ்ல. ஆனா நம்பர் 6. வளையம் வெச்ச கத்தியிலயே அதுதான் சின்னது. பிளேடுல இனாக்ஸ்னு போட்டிருக்கும். சுவீடன் சாண்ட்விக் ஸ்டீல், 12சி27-னு சொல்லுவாங்க. காசிமேட்டுக் காத்து அடிக்கற வீட்டுல தினம் சாப்பாட்டுப் பைக்குள்ள போகறதுக்கு இதுதான் சரி. கார்பன்தான் உசத்தி, ஸ்டெயின்லெஸ் சொத்தைன்னு பேசறவங்க பேச்சக் கேக்காத. கார்பனுக்குக் கூர் சீக்கிரம் ஏறும், அது வாஸ்தவம். அவங்க யாரும் கடலுக்கு அரை கிலோமீட்டர்ல குடியிருக்கல.

மூணாவது, நம்பர் 4. அஞ்சு சென்டிமீட்டர் பிளேடு, வளையமே கிடையாது. 5 வரைக்கும் எதுக்குமே கிடையாது. 1955-க்கு முன்னாடி எல்லா ஓப்பினெலும் இப்படித்தான்: ஒரு மரக்கட்டை, ஒரு பிளேடு, ஒரு ஆணி, ஒரு பூண். அந்தப் பழைய வேலைப்பாட்டப் புரிஞ்சுக்க இது ஒண்ணு போதும். நூல் அறுக்க, பென்சில் சீவ வெச்சுக்கலாம். பூட்டு இல்லாததால அழுத்தற வேலைக்கு வேண்டாம், மடங்கினா விரல்தான்.

நாலாவது, மெலிசு பிளேடு ரகம், நம்பர் 10. பிடியும் ஒல்லி, பிளேடும் ஒல்லி. பப்பாளி, தர்பூசணிக் கீத்துல தோல் ஒட்டி எடுக்க இது மாதிரி வராது. மத்ததெல்லாம் குண்டுப் பசங்க, இது மட்டும் ஒடிசலா நிக்கும். பெட்டியில பாக்கவும் வித்தியாசமா இருக்கும்.

அஞ்சாவது ரம்பம், நம்பர் 12. இது எனக்குக் கத்திய விடப் பிடிச்சது. பல்லு பின்பக்கமாத் திரும்பி இருக்கும், இழுக்கும்போதுதான் அறுக்கும். நம்ம தச்சு ரம்பம் மாதிரித் தள்ளினா வளையும். கொல்லை முருங்கையில மொட்டை மாடிப் பக்கம் சாயற கிளைய நாலு இழுப்புல எடுத்துடலாம்.

உனக்குப் பிள்ளைங்க இருந்தா ஆறாவதா 7-ல சின்னப் பசங்களுக்குன்னு செய்யறது ஒண்ணு. முனை உருண்டையா இருக்கும், பூட்டற வளையமும் உண்டு. பசங்க இல்லன்னா விட்டுடு.

வேண்டாதது: 13. பிளேடே 22 சென்டிமீட்டர், திறந்தா அரை மீட்டர். கடை ஜன்னல்ல வைக்கற சாமான். நம்ம ஏரியாவுல அத வீட்டுல வெச்சுக்கிட்டு "கலெக்‌ஷன்"னு சொன்னா யாரு நம்புவான்? ஒயின் திருகு வெச்ச 10-ம் வேண்டாம், நம்ம ஊர் பாட்டில்ல திருகறதுக்கு என்ன இருக்கு. ஆலிவ் மரம், வால்நட் மரம், மாட்டுக்கொம்புன்னு பிடிய மாத்தி விலைய ஏத்தினதெல்லாம் உள்ள அதே பிளேடுதான். பீச் மரப்பிடிதான் அசல்.

இனி மாமா கத்திக்கு வைத்தியம். பிளேடு இறுகினதுக்குக் காரணம் துரு இல்ல, மரம். பீச் மரம் ஈரம் குடிச்சா உப்பும், உப்பினா பள்ளம் சுருங்கி பிளேடக் கவ்விக்கும். ஐப்பசி கார்த்தியில என் கத்தியெல்லாமும் அப்படித்தான், அக்னி நட்சத்திரத்துல தொளதொளன்னு ஆடும். நகத்தால இழுக்காத. பிடியோட வால் பக்கத்த மரமேசை விளிம்புல ஒரு தட்டுத் தட்டு. பிளேடு முனை தானா வெளிய தலைகாட்டும், அதப் பிடிச்சுத் திற. சவ்வாக்காரன் தட்டுன்னே இதுக்குப் பேரு, அவங்களுக்கும் இதே தொல்லைதான்.

திறந்ததும் அரிசி டின்ல புதைச்சு ரெண்டு நாள் விடு, பழைய துணி சுத்தி. அரிசி ஈரத்த இழுக்கும். வெயில்ல போடாத, பிடி வெடிக்கும். மூணாம் நாள் 400 நம்பர் எமரி பேப்பர ஐஸ்கிரீம் குச்சியில சுத்திப் பள்ளத்தோட ரெண்டு உள்பக்கமும் லேசா இழு. எண்ணி எட்டு இழுப்பு, மூடிப் பாரு, மறுபடி நாலு. அதிகமா எடுத்தா கோடையில பிளேடு ஆடும், எடுத்த மரத்தத் திருப்பி வைக்க முடியாது. வளையத்தக் கழட்டவே வேண்டாம், இதக் கால்ல விழாத குறையாச் சொல்றேன், கழட்டாத. கடைசியா உள்மரத்துல கொஞ்சம் வாசலின் தடவி விடு, ஈரம் ஏறாது.

துருவுக்கு மண்ணெண்ணெய் நனைச்ச துணியும் மெல்லிசு எமரியும் போதும். அப்புறம் சோப்பு போட்டுக் கழுவித் துடை. எண்ணெய் எதுன்னா, தேங்காயெண்ணெய் வேண்டாம், பத்து நாள்ல சிக்கு வாடை வரும், அழுக்கும் ஒட்டும். மெடிக்கல் ஷாப்ல மலச்சிக்கலுக்கு விக்கறாங்க பாரு லிக்விட் பாரஃபின், அத ரெண்டு சொட்டு. நாக்குல பட்டாலும் ஒண்ணும் ஆகாது, கெட்டும் போகாது. கடைக்காரர் உன்ன அனுதாபமாப் பாப்பார், பரவாயில்ல.

ஒரே ஒரு எச்சரிக்கை. தெருவுல சைக்கிள் மிதிச்சுச் சாணை பிடிக்கறவர்கிட்ட இத நீட்டிடாத. அரிவாமணைக்கும் வெட்டுக்கத்திக்கும் அவர் வேலை தங்கம். இந்த மெல்லிசு பிளேடு அந்த வேகத்துக்குத் தாங்காது. பொறி பறக்கறத வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னேன், தப்பு என்னுதுதான். முனையில மயில் கழுத்துல வர நீலம் பூத்துடுச்சு. அந்த நீலம் வந்துட்டா உள்ள ஏத்தின பதம் போச்சுன்னு அர்த்தம், வெண்ணெய் மாதிரி மழுங்கும். டூல் ரூம்ல முப்பது வருஷம் வேல பாத்தவன் கண்ணு முன்னாடியே. 1000 நம்பர் கல்லு ஒண்ணு பிராட்வே பக்கம் வாங்கிக்க, தண்ணி விட்டு மெதுவாத் தேய்.

ஏழுகிணறு_டூல்பாக்ஸ்:

பெரியவர் எழுதினதுக்கு நான் எதிர்ப்பு இல்ல. ஆனா கேள்வியே தப்புன்னு தோணுது. ஒரே கம்பெனியில சேக்கறதுன்னா சென்னைக்கு விக்டோரினாக்ஸ்தான். அரிசி டின், எமரி, மலச்சிக்கல் மருந்துன்னு இவ்வளவு சேவகம் எந்தக் கத்திக்குப் பண்ணுவாங்க? 1884-ல கார்ல் எல்சனர் சுவிட்சர்லாந்துல இபாக்ல ஆரம்பிச்சது, ராணுவத்துக்குக் கத்தி குடுத்தது 1891. நாம பாக்கற செவப்புப் பிடிக் கத்திக்கு மூதாதையான ஆபீசர் கத்திய 1897-ல பதிவு பண்ணினாங்க. ஓப்பினெல் பன்னெண்டு சைஸ் போட்ட அதே வருஷம், அதையும் கவனிங்க. 58 மில்லிமீட்டர்ல சாவிக்கொத்துல ஒண்ணு, 91-ல கத்திரிக்கோல் வெச்சது ஒண்ணு, அலுமினியத் தகடு போட்ட 93-ல ஒண்ணு. மூணு போதும், மூணும் நிஜமாவே வேற வேற. என் 91 பன்னெண்டு வருஷமா மழையில நனையுது, ஒரு புள்ளி துரு கிடையாது.

பழைய_ஃபிட்டர்:

அது நல்ல சாமான், இல்லேங்கல. என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, ஸ்க்ரூடிரைவரா. ஆனா தம்பி கேட்டது மாமா கத்திக்குத் துணை. மாமா கத்திக்கு மாத்து இல்ல.

கோர்ட்_கேன்டீன்:

வக்கீல் ஆபீஸ்ல இருக்கேன், ஹைகோர்ட் எதிர. வீட்டுக்காரம்மா பயத்துக்குப் பதில் சொல்லிடறேன். ஆயுதச் சட்டம் 1959. அதுக்கான விதிகள்ல கத்தின்னு வரப்போ, பிளேடு 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கறதத்தான் சொல்றாங்க. அதுலயும் வீட்டு உபயோகம், விவசாயம், தொழில், விஞ்ஞானம் இதுக்குன்னு செஞ்சத விட்டுடறாங்க. பெரியவர் சொன்ன அந்த 13-ம் நம்பரே 22 சென்டிமீட்டர்னா எட்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். நீங்க வாங்கப் போறதெல்லாம் அத விட ரொம்பச் சின்னதுதான்.

ஆனா சட்டம் வேற, ராத்திரி பத்தரை மணிக்கு வண்டிய ஓரம் கட்டச் சொல்றது வேற. வண்ணாரப்பேட்டையில நின்னுக்கிட்டு சவ்வா மலைநாட்டக் கதை சொல்ல முடியாது. வீட்டுலயும் சாப்பாட்டுப் பையிலயும் இருக்கட்டும், இடுப்புல வேண்டாம். மெட்ரோவுல எடுத்துட்டுப் போகாதீங்க, பை ஸ்கேனர்ல போகும். விமானத்துல கைப்பையில கூடாது, செக்-இன்ல போடுங்க. இங்கயே பில் போட்டு விக்கறவங்ககிட்ட வாங்குங்க, பில்ல அந்த டின்லயே போட்டு வைங்க.

வஞ்சிரம்:

நான் காசிமேடு. அம்மா மீன் வெட்டுவாங்க, நானும் கல்யாணம் வரைக்கும் வெட்டினேன். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன், ஏன்னா இந்த மெலிசுக் கத்திய மீனுக்குன்னு யாராவது உங்ககிட்ட சொல்லுவாங்க. வாங்குங்க, ஆனா மீனுக்கு எடுக்காதீங்க. மடக்குக் கத்தி எதுவுமே மீனுக்கு ஆகாது. பிளேடு போய்ப் படுக்கற பள்ளம் இருக்குல்ல, அதுக்குள்ள செதிலும் ரத்தமும் இறங்கிடும். குச்சி விட்டுக் குத்தினாலும் முழுசா வராது. அடுத்த நாள் பையத் திறந்தா எங்க வார்ஃப் வாடை. எங்க வீட்டுல ஒருத்தர் சங்கராவ இப்படி ஒரு வெளிநாட்டு மடக்குக் கத்தியால வெட்டி, அதே கத்தியால மறுநாள் ஆபீஸ்ல கேக் வெட்டின கதை உண்டு. மேல சொல்ல மாட்டேன், அவர் இன்னும் என் வீட்டுக்காரர்தான்.

மீனுக்குக் கட்டையும் பெரிய கத்தியும், இல்ல அரிவாமணை. வெட்டினதும் கொட்டற தண்ணியில அலசணும், துடைக்கணும், அவ்வளவுதான் ரகசியம். உப்புத்தண்ணி பட்டா இரும்பு ஒரு ராத்திரி கூடத் தாங்காது, ஐயா சொன்னது நிஜம்.

கல்மண்டபம்34:

அக்கா, சிரிச்சு சிரிச்சு டீ மூக்குல ஏறிடுச்சு. மீனுக்கு எடுக்க மாட்டேன்.

சார், நீங்க சொன்னபடி செஞ்சேன். மேசை விளிம்புல ஒரு தட்டு, சத்தியமா சொல்றேன், முனை அஞ்சு மில்லிமீட்டர் வெளிய எட்டிப் பாத்தது. ஒரு மாசமா நகத்தப் பேத்துக்கிட்டு இருந்திருக்கேன். ரெண்டு நாள் அரிசியில கிடந்தது. மூணாம் நாள் சோறு வடிக்க அரிசி அள்ளினவ கையில கத்தி வந்தது. அதுக்கப்புறம் வீட்டுல நடந்தத இங்க எழுதல.

சமாதானத்துக்கு ஞாயித்துக்கிழமை வாழப்பூ ஆய்ஞ்சு தரேன்னு ஒத்துக்கிட்டேன். அவ அரிவாமணைய எடுத்தா. நான் மாமா கத்திய எடுத்தேன். எமரி போட்டுக் கண்ணாடி மாதிரி வெள்ளையா வெச்சிருந்தேன் சார். நாலு பூ நறுக்கறதுக்குள்ள பிளேடு கறுக்க ஆரம்பிச்சுடுச்சு. மொதல்ல கூர் ஓரமா ஊதா, அப்புறம் மேல ஏற ஏற மழை மேகம் மாதிரித் திட்டுத் திட்டா. கழுவினேன், போகல. சாம்பல் போட்டுத் தேய்ச்சேன், போகல. கையும் கறுப்பு, கத்தியும் கறுப்பு. கெடுத்துட்டேனா?

இன்னொரு விஷயம். கோச்சுக்காதீங்க. நீங்க கழட்டாதன்னு சொன்னதப் படிச்சப்புறம்தான் கழட்டிப் பாக்கணும்னு கை அரிச்சது. இடுக்கியால வளையத்த விரிச்சு எடுத்தேன், உள்ள இருந்த அழுக்கெல்லாம் துடைச்சேன். திருப்பிப் போட்டா சுத்த மாட்டேங்குது, பாதியில நிக்குது.

எனக்கு ஒரு பையன் இருக்கான் சார், எட்டு வயசு. நான் எமரி போடும்போது பக்கத்துலயே உக்காந்திருந்தான். அதனால அந்த 7 கட்டாயம் உண்டு. ஆனா மொதல்ல எத வாங்கட்டும்?

பழைய_ஃபிட்டர்:

கெடல. அப்படியே விடு. வாழப்பூவுல இருக்கற துவர்ப்பு இரும்போட சேர்ந்து பூசின கறுப்பு அது. வீட்டுல எங்கம்மா அரிவாமணையும் அந்த நிறம்தான், அது எந்தக் காலத்துலயும் செவந்து நான் பாத்ததில்ல. அந்தக் கறுப்பு இருக்கற வரைக்கும் செவப்புத் துரு அவ்வளவு சுலபமா ஏறாது. ஆளுங்க இதுக்காகவே ஆப்பிள்ல குத்தி வைக்கறது, கடுகு பூசறதுன்னு என்னென்னவோ பண்றாங்க. உனக்கு உன் வீட்டுக்காரம்மா பண்ணிக் குடுத்துட்டாங்க. துடைச்சு, பாரஃபின் ரெண்டு சொட்டு. இனிமே எமரிய பிளேடுகிட்ட கொண்டு போகாத. அப்புறம் சாம்பல் வேண்டாம், கீறல் விழும்.

மொதல்ல 6 ஸ்டெயின்லெஸ். அது வந்து ஒரு மாசம் சாப்பாட்டுப் பையில புழங்கினப்புறம்தான் அடுத்தது. அடுத்தது பையனுக்கு 7. ரெண்டு பேரும் ஒரே நாள்ல உக்காந்து வெள்ளரிக்காய் நறுக்குங்க, உக்காந்துக்கிட்டு மட்டும், நின்னுக்கிட்டு வேண்டாம். ரம்பத்த மழை விட்டதும் பாத்துக்கலாம். 10 மெலிசு மாம்பழ சீசனுக்கு முன்னாடி. 4 வாங்க வேண்டாம், சொல்றேன்.

வளையம் விஷயம். கழட்டுவன்னு தெரியும், எழுதும்போதே தெரியும். நீ அத விரிச்சதுல வட்டம் கெட்டிருக்கும், இல்ல தலைகீழாப் போட்டிருப்ப, ரெண்டுல ஒண்ணு. இனிமே இடுக்கியத் தொடாத, மறுபடி மறுபடி விரிச்சா ஸ்பிரிங் விட்டுப் போகும். புதன்கிழமை சாயங்காலம் தங்கசாலை மணிக்கூண்டுகிட்ட வா, ஆறு மணிக்கு அங்க டீ குடிக்க வருவேன். கத்திய பேப்பர்ல சுத்தி டிபன் பைக்குள்ள போட்டு எடுத்துட்டு வா. அந்த மரப்பெட்டிக் கத்தியில துரு பிடிக்காத மூணுல ஒண்ணு நம்பர் 4, அதையும் கொண்டு வரேன். சில்லறை எடுத்துட்டு வா, ஜிபே செல்லாது.

கல்மண்டபம்34:

வரேன் சார். புதன்கிழமை எனக்கு ரெண்டாவது ஷிப்ட், வியாழக்கிழமை ஆகுமா? பையனையும் கூட்டிட்டு வரேன், அவன் உண்டியல்ல நாலணா ஒண்ணு இருக்கு, தாத்தா குடுத்தது. அது இப்போ செல்லாதே, பரவாயில்லையா?

பழைய_ஃபிட்டர்:

வியாழன் ஆறரை. எமரி பேப்பர் மிச்சம் இருந்தா எடுத்துட்டு வா, என்கிட்ட தீர்ந்து போச்சு.